நிற்கக் கூடாத படம்

வீட்டு இணைய இணைப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் ஜனங்கள் கேட்கப்போகும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். “சார், எங்க வீட்டுக்கு எம்புட்டு ஸ்பீடு வேணும்?” மதுரையின் எந்தத் தெருவில் நுழைந்தாலும் இதே கேள்விதான். இதற்கு விற்பனைப் பிரிவிடம் ஒரு பதில் உண்டு: இருப்பதிலேயே பெரியது. பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு பதில் உண்டு: நாங்கள் போட்டிருப்பதை மட்டும் போடாதீர்கள். நம் பிரிவிடம் பதில் கிடையாது, கணக்குதான் உண்டு.

கணக்கு உங்களுக்குத் தெரியும். ஒரே சமயத்தில் ஓடக்கூடிய திரைகளை எண்ண வேண்டும். எச்.டி. படம் ஓடும் திரைக்கு ஐந்து மெகாபிட், அதைவிடத் துல்லியமான படம் என்றால் அதைப் போல் சில மடங்கு. கூட்டி, மேலே கொஞ்சம் கைவசம் வைத்து, எண்ணைக் கட்டத்தில் எழுத வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் செய்துவிடும். அதற்குத்தான் நமக்குப் பட்டம் பெற்றவர்கள் வேண்டுமென்று விளம்பரம் கொடுக்கிறார்கள். பணி ஓய்வு பெறும் வரைக்கும் நான் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தேன். அநேகமாகத் தப்பியதில்லை, இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை.

ஆனால் கணக்கு சரியாக இருக்கும் வீட்டிலும் படம் நிற்கும். பேரையூரில் ஒரு பருத்தி வியாபாரி எங்களிடம் இருந்ததிலேயே பெரிய திட்டத்தை எடுத்திருந்தார். பார்ப்பது ஒரே ஒரு டி.வி. அதிலும் படம் நின்று நின்று வந்தது. நேரில் போய் ரவுட்டர் எங்கே என்று கேட்டேன். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து இரும்பு பீரோவைத் திறந்தார். பட்டுப்புடவைக்கும் நகைப்பெட்டிக்கும் நடுவில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. விலை உயர்ந்த பொருள் என்று சொல்லி விற்றிருந்தார்கள். விலை உயர்ந்த பொருளை அவர் வேறெங்கே வைப்பார்?

இந்தக் கதையை அலுவலகத்தில் பலமுறை சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஒருநாள் புதிதாகப் பொறுப்பேற்ற கோட்ட அதிகாரி முன்னாலும் சொன்னேன். என்னைவிட வயதில் மிகவும் குறைந்த பெண். எல்லோரும் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்து, அவரும் சிரித்துவிட்டு, “அந்த பீரோ எங்க சித்தப்பா வீட்டுதுண்ணே” என்றார். “இப்ப வெளிய எடுத்து வச்சுட்டாரு. ஆனா மேல ஒரு துணியப் போத்திருக்காரு. அதுக்கு ஒருநாள் போகணும்.”

மேடம் என்று நாங்கள் அழைத்தது அவரைத்தான். அதிகாரியாக இருந்தும் வயதில் மூத்த எங்களை ‘அண்ணே’ என்பார். அதில் மயங்கி வேலையைத் தள்ளிப்போட்டவர்கள் ஒருமுறைக்கு மேல் தள்ளிப்போட்டதில்லை. நெருக்கடியில் ஒருவர் எப்படி முடிவெடுக்க வேண்டும் என்பதை நான் பார்த்தது அவரிடம். அது நடந்த இடம் கோரிப்பாளையம், தர்கா பக்கத்துச் சந்தில் ஒரு மாடி வீடு.

கீழே தொப்பியும் அத்தரும் விற்கும் கடை. முதல் மாடியில் ஹால், சமையலறை, படுக்கையறை. இரண்டாவது மாடியில் பெரிய டி.வி. வைத்த ஓர் அறை. இணைப்பு கடைக்காரர் காதர் பாய் பெயரில் இருந்தது. ஒரு திங்கட்கிழமை புகார் வந்தது, நான் போனேன். பாயின் மகன் காசிம் படியிலேயே பிடித்துக்கொண்டான்.

“சார், உங்க நெட்டால ஒரு நல்ல காரியம் கெட்டுப்போச்சு.”

“நெட்டைச் சொல்லாத காசிமு. உன் தங்கச்சி எந்திரிச்சுப் போனதுதான் கெடுத்துச்சு” என்று மேலேயிருந்து பாயின் குரல் வந்தது.

நடந்தது இதுதான். காசிமின் தங்கை நஸ்ரீன் பிறவியிலேயே காது கேளாதவர். பட்டம் படித்து, ஓர் அச்சகத்தில் கணினியில் அழைப்பிதழ் வடிவமைக்கும் வேலை பார்ப்பவர். பேசுவது கையால். அவருக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளையும் காது கேளாதவர். மலேசியாவில் கட்டடங்களுக்கு வரைபடம் போடும் வேலை. அவருக்குச் சொந்த ஊர் திருவாதவூர். முந்திய நாள், ஞாயிறு, மாப்பிள்ளையின் பெற்றோரும் தாய்மாமனும் உறவுக்காரர்களும் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஞாயிறு மட்டும்தான் விடுமுறை என்பதால், எல்லோரும் இருக்கும்போதே வீடியோவில் இரண்டு பேரும் பேசிக்கொள்வது என்று ஏற்பாடு. மாப்பிள்ளையின் கை திரையில் பாதியில் நின்றது, பிறகு தாவியது, மறுபடியும் நின்றது. நஸ்ரீன் ‘திரும்பச் சொல்லுங்கள்’ என்று கை காட்டுவார். அவரும் அதையே சொல்வார். அரைமணி நேரம் இரண்டு பேரும் அந்த ஒன்றைத் தவிர வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் நஸ்ரீன் எழுந்து உள்ளே போய்விட்டார். பெண்ணுக்குப் பிடிக்கவில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் முகம் சுருங்கிவிட்டது.

“போட்டோ பாத்தாச்சு, குடும்பம் நல்ல குடும்பம், சரின்னு ஒரு தலையாட்ட வேண்டியதுதான?” என்றார் பாய். “பேசிப் பாக்காத ஆளுக்கு எப்படிச் சரி சொல்றதுங்குது. நான் நிக்காஹ் முடியற வரைக்கும் அவ அம்மா குரலைக்கூடக் கேட்டதில்ல.”

சமையலறையிலிருந்து நஸ்ரீனின் அம்மா சொன்னார், “அதுக்கப்புறமும் கேக்கல.”

அடுத்த ஞாயிறு மறுபடியும் வருவதற்கு மாப்பிள்ளை வீட்டாரைப் பாய் கெஞ்சிச் சம்மதிக்க வைத்திருந்தார். அதுவும் சரிவரவில்லை என்றால் அவர்கள் வேறு இடம் பார்ப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பேசாமல் சரி சொல்ல மாட்டேன் என்பதில் நஸ்ரீன் உறுதி. அவரையும் குறை சொல்ல முடியாது. செல்போன் டேட்டாவை நம்பலாம் என்றால், தடித்த சுவர்களுக்கு நடுவில் அந்தச் சந்துக்குள் சிக்னல் நுழைவதே பெரும்பாடு. எல்லாம் நம் ஒற்றைக் கம்பியில் வந்து நின்றது.

நான் முறைப்படி எல்லாம் பார்த்தேன். ஹாலில் ஒரு டி.வி., மாடியில் ஒரு டி.வி., பிள்ளைகளுக்கு ஒரு டேப்லெட், வீட்டார் செல்போன்கள். எல்லாம் எச்.டி.யில் ஒருசேர ஓடினாலும் அவர்கள் எடுத்திருந்த திட்டம் தாராளமாகத் தாங்கும். கம்பியில் பழுதில்லை. ரவுட்டர் பீரோவில் இல்லை.

“சத்தம் எப்படி இருந்தது?” என்று காசிமிடம் கேட்டேன்.

“சத்தம் பளிச்சுன்னு இருந்துச்சு சார். அங்கிட்டு மலேசியாவுல ஃபேன் ஓடுறதுகூடக் கேட்டுச்சு.”

அதையும் அறிக்கையில் எழுதினேன்: ‘ஒலி தெளிவாக உள்ளது, இணைப்பில் குறையில்லை.’ விற்பனைப் பிரிவுத் தம்பி ஒருவர் பெரிய திட்டத்துக்கு மாற்றச் சொல்லி அன்றே அவர்களைத் தொலைபேசியில் அழைத்திருந்தார். தேவையில்லை என்று அதையும் எழுதினேன். என் கணக்கு சரி. இன்றைக்கு எடுத்துப் பார்த்தாலும் சரிதான்.

மேடம் அந்த அறிக்கையை இரண்டு முறை படித்தார்.

“அண்ணே, சத்தம் நல்லாக் கேட்டுச்சுன்னு எழுதிருக்கீங்க.”

“ஆமாம் மேடம்.”

“யாருக்கு?”

இதில் ஒரு விஷயம் உண்டு, தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். வீடியோவில் பேசும்போது பாதை குறுகினால் செயலி முதலில் குரலைக் காப்பாற்றும், படத்தைக் கைவிடும். உலகத்தில் பெரும்பாலானவர்களுக்கு அது நியாயமான ஏற்பாடு. ஆனால் அந்த ஞாயிறு நம் கம்பி செய்த வேலை என்ன? கேட்கவே முடியாத இரண்டு பேருக்கு ஃபேன் சத்தத்தைப் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவர்கள் பேச்சை வழியில் போட்டுவிட்டது.

“பாதை ஏன் குறுகுச்சுன்னு பாக்கணும். வாங்க போவோம்” என்று எழுந்தார். கோட்ட அதிகாரி ஒரு வீட்டு இணைப்பைப் பார்க்கப் போவது வழக்கமில்லை என்று சொன்னேன். “சித்தப்பாவோட பீரோ வீட்டுக்கும் அதிகாரி போற வழக்கமில்லதான். நான் போகப்போறேன்ல” என்றார்.

அங்கே போய் அவர் ரவுட்டர் பக்கமே திரும்பவில்லை. காசிமிடம் விருந்து நடந்த விதத்தைக் கேட்டார். யார் எங்கே உட்கார்ந்தார்கள், என்ன கொடுத்தீர்கள் என்றெல்லாம். கல்யாண வீட்டுக்கு வந்த ஒன்றுவிட்ட அத்தை கேட்பது மாதிரி இருந்தது.

“நன்னாரி சர்பத் கலந்தோம். பிறகு டீ, சமோசா.”

“பாஸ்வேர்ட் குடுத்தீங்களா?”

“சர்பத் குடுக்கும்போதே குடுத்துட்டோம்க்கா. சம்பந்தி வீட்டு ஆளுங்க. கேக்கட்டும்னு காத்திருந்தா நல்லாவா இருக்கும்?”

“எல்லாருக்குமா?”

“அதெப்படி ஆளு பாத்துக் குடுக்கிறது?”

உண்மைதான். அந்த வீட்டில் பாஸ்வேர்டை மறுப்பது தண்ணீர் இல்லை என்று சொல்வதற்குச் சமம். வந்தவர்கள் பெண் வீட்டை, படிக்கட்டை, சர்பத் டம்ளரை, பெண்ணை எல்லாம் படம் பிடித்து ஊரில் இருக்கும் உறவுகளுக்கு அப்போதைக்கப்போதே அனுப்பியிருக்கிறார்கள். மாடியில் ஆண்கள் கிரிக்கெட் பார்த்திருக்கிறார்கள். என் கணக்கில் வீட்டின் திரைகள் இருந்தன. விருந்தாளிகள் சட்டைப்பையில் கொண்டுவந்த திரைகள் இல்லை. உள்ளே வரும் படத்தை எண்ணியிருந்தேன். வெளியே போகும் பாதை எப்போதுமே குறுகல், அது அடைத்தால் உள்ளே வருவதும் தடுமாறும். நஸ்ரீனின் கைகள் போக வேண்டிய அந்தப் பாதையில் சமோசாத் தட்டுகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

அதன் பிறகுதான் மேடம், அதுவரை அந்த வீட்டில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். நான் உட்பட. நஸ்ரீன் எதிரில் போய் உட்கார்ந்து, தன் செல்போனில் தட்டச்சு செய்து அவரிடம் நீட்டினார்: ‘உங்களுக்கு என்ன வேண்டும்?’

நஸ்ரீன் வாங்கித் தட்டினார். வேகமான விரல்கள். ‘எல்லோரும் எச்.டி., எச்.டி. என்கிறார்கள். எனக்கு அது வேண்டாம். சின்னப் படம் போதும். கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை. நிற்கக் கூடாது.’

மேடம் அடுத்து நான் கேட்க நினைத்து வாயில் அடக்கிவைத்திருந்ததையே கேட்டார்: ‘இப்படியே எழுதிப் பேசிக்கொள்ளலாமே?’

நஸ்ரீன் மறுபடியும் தட்டினார். ‘மூன்று வாரமாக எழுதுகிறோம். நன்றாகத்தான் எழுதுகிறார். எழுத்து எனக்கு இரண்டாவது மொழி. அவருக்கும் அப்படித்தான். நான் ஒன்றை மறுத்தால் அவர் முகம் எப்படிப் போகும் என்று எழுத்தில் தெரியாது. எனக்கு அதுதான் தெரிய வேண்டும்.’

மேடம் அதைப் படித்துவிட்டு செல்போனை என்னிடம் தந்தார். எத்தனை வீடுகளுக்கு எத்தனை பேருடைய தேவையை மதிப்பிட்டிருப்பேன்! தேவையை அவ்வளவு சுத்தமாகச் சொன்ன வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை. எச்.டி. என்பது தெளிவு. நஸ்ரீன் கேட்டது ஓட்டம். கையின் நகர்வு அறுபடாமல் வர வேண்டும். சட்டையின் பொத்தான் தெரியத் தேவையில்லை. மெகாபிட்டில் சொன்னால் ஒரு டி.வி. கேட்பதைவிடக் குறைவு. ஆனால் அந்தக் குறைவிலிருந்து ஒரு துளியும் வேறெங்கும் போகக் கூடாது.

சனிக்கிழமை அதற்கேற்ப எல்லாம் செய்தோம். நஸ்ரீனின் மடிக்கணினிக்கு ரவுட்டரிலிருந்து நேரே கம்பி. அதற்கென்று உள்ளேயும் வெளியேயும் ஒரு பங்கு தனியாக ஒதுக்கினோம். விருந்தாளிகளுக்கும் மாடி டி.வி.க்கும் வேறொரு பாஸ்வேர்ட், மிச்சமிருக்கும் பாதையில். மரியாதைக்கு மரியாதையும் ஆச்சு, பேச்சுக்குப் பேச்சும் ஆச்சு. செய்முறைக் கையேட்டில் இருக்கும் வேலைதான், நானே செய்தேன். அதை விவரிக்கப் போவதில்லை. நீங்கள் படித்துத்தானே வந்திருக்கிறீர்கள்.

ஞாயிறு மாலை நானும் மேடமும் அங்கே இருந்தோம். போன வாரத்தைவிடக் கூட்டம் கூடியிருந்தது. பெண் எழுந்துபோன கதை திருவாதவூர் முழுக்கப் பரவி, இந்த முறை என்ன ஆகிறது என்று பார்க்க வந்தவர்களும் அதில் இருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் ஊரில் அரிசி மில் வைத்திருப்பவர். பெரிய உடம்பு, பெரிய குரல். அந்தக் குடும்பத்தில் அவர் சொல்வதற்கு மேல் சொல் கிடையாது. அவர் மாடியில் டி.வி. முன்னால் உட்கார்ந்தார். அன்றைய ஆட்டம் மொத்த ஊரும் பார்க்கும் ஆட்டம்.

ஹாலில் நஸ்ரீன் மடிக்கணினி முன் அமர்ந்தார். மலேசியாவில் ஒரு சிறிய அறை தெரிந்தது. ஒல்லியான மனிதர் ஒருவர், பின்னால் அதே ஃபேன். ஸ்பீக்கரை மேடம் அணைத்துவிட்டார். பேச்சு தொடங்கியது. கை நிற்கவில்லை. முதலில் இருவரும் தயங்கித் தயங்கிப் பேசினார்கள். பிறகு மாப்பிள்ளை எதையோ சொல்ல, நஸ்ரீன் தலையைப் பின்னால் சாய்த்துச் சத்தமாகச் சிரித்தார். ஹாலில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சரியாக அந்த நேரத்தில் மேலே இடி விழுந்தது.

“என்னப்பா இது, பந்து பாதியில நிக்குது! காசிமு! ஏய் காசிமு!”

நான் என் கையில் இருந்த கருவியைப் பார்த்தேன். வீட்டுக்குள் வரும் வேகமே சரிந்திருந்தது. காரணம் வீட்டில் இல்லை. தெருவில் இருந்த அத்தனை வீடும் அதே ஆட்டத்தை எச்.டி.யில் பார்த்துக்கொண்டிருந்தது, எல்லோருக்கும் பொதுவான தெருக் கம்பி திணறியது. உள்ளே வந்த கொஞ்சத்தில் ஒதுக்கீடு தன் பங்கை முதலில் எடுத்துக்கொண்டது. நஸ்ரீனின் படம் ஓடியது. மிச்சத்தில் மில்காரரின் ஆட்டம் ஓட முடியவில்லை. நாங்கள் போட்டது போட்டபடி வேலை செய்தது, அதுதான் சிக்கல்.

காசிம் படியில் குதித்து இறங்கி வந்தான். “சார், அந்த ஒதுக்கீட்ட எடுத்து விடுங்க. மாமு கோவப்படுறாரு.”

பின்னாலேயே காதர் பாய். “மேடம், கொஞ்சம் தொறந்து விடுங்க. ரெண்டு ஓவர் ஓடட்டும். அவரு எந்திரிச்சுப் போயிட்டா இங்க பேசுறதுக்கு அர்த்தமே இல்ல.”

பாய் சொன்னதும் உண்மைதான். மில்காரர் போய்விட்டால் சம்பந்தம் போய்விடும். படம் நின்றாலும் போய்விடும். இதில் விதி மிகத் தெளிவு: இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் சொல்வதைச் செய்ய வேண்டும். இணைப்பு பாயின் பெயரில் இருந்தது. மேடத்தின் காதருகே போய் அதைச் சொன்னேன். விதியைச் சொல்வது என் வேலை. அதைச் சரியான நேரத்தில் சொல்வதில் நான் பெயர் வாங்கியவன்.

“தெரியும்ணே” என்றார். பாயைப் பார்த்து, “அத்தா, உங்க வீடு, உங்க லைனு. நீங்க சொன்னா எடுத்துருவோம். ஒரு நிமிசம் மட்டும் குடுங்க. நான் மேல போயி அவருகிட்டப் பேசிட்டு வாரேன்.” என்னிடம், “அண்ணே, நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க.”

அவர் படியேறினார். நானும் பின்னால் போனேன். தொடாமல் இருப்பதற்கு ஆள் தேவையில்லை அல்லவா?

மில்காரர் நிலைவாசலை மறைத்துக்கொண்டு நின்றார். “நெட்டுக்காரம்மா நீதானா? ஏம்மா, ஒரு மேட்ச்ச ஓட்ட முடியாத நெட்டு என்ன நெட்டு?”

“ஓட்டலாம் மாமா. கீழ ஒரு வார்த்த சொன்னா இப்பவே ஓடும். அதுக்கு முன்னாடி உங்ககிட்டக் கேட்டுப் போகலாம்னு வந்தேன்.”

“என்ன கேக்கணும்?”

“இங்க மேட்ச் ஓடுனா, கீழ உங்க மருமகன் பேச்சு நின்னுரும். எது ஓடணும்னு நீங்களே சொல்லுங்க.”

“அவன் எங்கம்மா பேசுறான்? கையத்தான ஆட்டுறான். கொஞ்சம் நின்னு வந்தா என்ன?”

“அந்தக் கைதான் மாமா வாயி. நீங்க பாக்குற ஒவ்வொரு பந்தும் அந்த வாயப் பொத்தும். போன வாரம் அரைமணி நேரம் பொத்திட்டு இருந்துச்சு. அதனாலதான் அந்தப் புள்ள எந்திரிச்சுப் போச்சு. உங்க வீட்டுப் புள்ளயப் புடிக்காம இல்ல.”

திரையில் பந்து வீச்சாளர் ஒரு காலைத் தூக்கியபடி உறைந்திருந்தார். மில்காரர் மேடத்தைப் பார்த்தார். இன்னொரு அதட்டல் விழும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் குரல் இறங்கியிருந்தது.

“அவன் அம்புட்டுப் பேசுவானா?”

“கீழ நிறுத்தாமப் பேசிட்டு இருக்காரு.”

“எங்கிட்ட வந்தா, சாப்புட்டேன், வாரேன், போறேன்... அம்புட்டுத்தான் கையில சொல்லுவான். எம் மில்லுலதான் வளந்தான்.” படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். “என்ன பேசுறான்?”

“தெரியல மாமா. ஆனா அந்தப் புள்ள சிரிச்சுச்சு.”

அவர் திரும்பினார். ரிமோட்டை எடுத்தவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்று, பிறகு அணைத்தார். சமோசாத் தட்டு ஒன்று காலியாகக் கிடந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு முதல் ஆளிடம் நீட்டினார்.

“போனப் போடு.”

“மச்சான், ஸ்கோரு மட்டும்...”

“போடுறா. நம்ம புள்ள பேசுது.”

வரிசையாகத் தட்டில் செல்போன்கள் விழுந்தன. ஓர் ஆள் இரண்டு வைத்திருந்தார். இரண்டாவதையும் மில்காரர் கண்டுபிடித்து வாங்கினார். பிறகு கீழே ஹாலுக்கு இறங்கிவந்து அங்கேயும் தட்டை நீட்டினார். காசிமிடம், பாயிடம், என்னிடம்கூட. என்னுடையது அலுவலகக் கருவி என்றேன். “அணைச்சுப் போடுங்க” என்றார். விதியில் அதற்கு இடமில்லை. போட்டேன். தட்டை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

அத்தனை பேர் நிறைந்த வீட்டில் அவ்வளவு அமைதியை நான் கண்டதில்லை. வெளியே கோரிப்பாளையம் சந்திப்பின் ஹாரன் சத்தம். உள்ளே நஸ்ரீனின் வளையல் சத்தம் மட்டும். திரையில் இருந்தவர் கேள்விக்கு மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நஸ்ரீன் ஒன்றுக்கு வேகமாகப் பதில் சொன்னார். ஒன்றுக்கு யோசித்துச் சொன்னார். ஒன்றுக்குக் கையை உதறி மறுத்தார். மறுத்துவிட்டு அசையாமல் திரையையே பார்த்தார். அந்த முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கிறார். எனக்குப் புரிந்த ஒரே வாக்கியம் அதுதான். மாப்பிள்ளை முதலில் விழித்தார், பிறகு சரி என்று மெதுவாகத் தலையாட்டினார். படம் எங்கேயும் நிற்கவில்லை.

காதர் பாயால் பொறுக்க முடியவில்லை. அந்த வீட்டில் கைமொழி முழுக்கத் தெரிந்தவர் நஸ்ரீனின் அம்மா ஒருவர்தான். அவரைத் தேடினார். அவர் சமையலறை வாசலில், ஹாலுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

“என்ன பேசுதுக ரெண்டும்?” என்று பாய் கிசுகிசுத்தார்.

“எனக்கெப்படித் தெரியும்?”

“உனக்குத்தான தெரியும்!”

“பாத்தா தெரியும். அதுக பேசுறத ஒட்டுக் கேக்கக் கூடாதுன்னுதான் திரும்பி உக்காந்துருக்கேன். நீங்களும் திரும்புங்க.”

பாயும் திரும்பி உட்கார்ந்தார். அவருக்குக் கைமொழியில் ஓர் எழுத்தும் தெரியாது, இருந்தாலும் திரும்பினார். தட்டோடு இருந்த மில்காரரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேடம் ஏற்கெனவே ஜன்னல் பக்கம் பார்த்தபடி நின்றார். நான் கடைசியாகத் திரும்பினேன்.

முடிந்ததும் நஸ்ரீன் எழுந்து வந்து அம்மாவின் தோளைத் தொட்டார். கையால் ஏதோ சொன்னார். எல்லோரும் அந்த அம்மாவின் வாயையே பார்த்தோம்.

“பேசி முடியலையாம். அடுத்த ஞாயிறும் பேசணுமாம். அவருக்கும் அப்படித்தானாம்.”

பாய் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்தார். அவர்கள் மில்காரரைப் பார்த்தார்கள். மில்காரர் தட்டிலிருந்து தன் செல்போனைத் தேடி எடுத்துக்கொண்டே சொன்னார்: “அதுக்கென்ன, பேசட்டும். நாங்க வாரோம். அந்த டி.வி.ய மட்டும் இப்பவே கழட்டி வச்சிருங்க, இருந்தா கை அரிக்கும்.”

வண்டியில் திரும்பும்போது கேட்டேன். அவர் எழுந்து போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

“போயிருந்தா போயிருப்பாரு. நமக்குத் திட்டு விழுந்திருக்கும். எனக்கு மெமோ வந்திருக்கும். ஆனா அவருகிட்டக் கேக்காம நாமளே அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ திருப்பிருந்தா, அது நம்ம முடிவாப் போயிருக்கும். அவரு முடிவா வந்ததாலதான் தட்டு வந்துச்சு” என்றார்.

இதைத்தான் உங்களிடம் சொல்ல நினைத்தேன். பாதை எல்லோருக்கும் போதாத நேரம் வரும். அப்போது நம்மில் சிலர் விதியைப் பார்ப்பார்கள். சிலர் யார் குரல் பெரிதென்று பார்ப்பார்கள். மேடம் அந்தப் பெரிய குரலிடமே நேரே போய், அதன் மருமகன் கீழே பேசிக்கொண்டிருக்கிறான் என்று சொன்னார். அதற்கு ஒரு மெகாபிட்டும் செலவாகவில்லை.

திங்கட்கிழமை அறிக்கையை முடிக்க வேண்டியிருந்தது. “தேவையான வேகம்னு ஒரு கட்டம் இருக்கு மேடம். எம்புட்டுன்னு எழுத?” என்று கேட்டேன்.

“ரெண்டு பேரு பேசி முடிக்கிற அளவுக்குன்னு எழுதுங்கண்ணே.”

அந்தக் கட்டத்தில் எண்ணைத் தவிர எதுவும் ஏறாது. என் பழைய எண்ணையே எழுதினேன். அது சரியாகத்தான் இருந்தது.

சில மாதங்களுக்குப் பிறகு நிக்காஹ் நடந்தது. எங்கள் இருவருக்கும் அழைப்பு. நஸ்ரீனே வடிவமைத்த அழைப்பிதழ். விருந்து மண்டபத்தின் ஓரத்தில் மில்காரரும் மாப்பிள்ளையும் நின்றிருந்தார்கள். அந்தப் பெரிய மனிதர் தடித்த விரல்களை மடக்கி, நீட்டி, மறந்து, மறுபடியும் மடக்கி எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் நின்றார், தாவினார், மறுபடியும் நின்றார். மாப்பிள்ளை கொஞ்சமும் அவசரப்படாமல், திரும்பச் சொல்லுங்கள் என்று கை காட்டிவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார்.